படகு உள்ள கட்டங்கள்

முதல் கையெழுத்து என்னுடையது.
இரவு பதினொன்று நாற்பது, டான்டெனாங்.
சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் உதறிக்கொண்டிருக்க
அதன் தலையிலேயே மடிக்கணினியை வைத்துத் தட்டினேன்:
பெயர், மின்னஞ்சல், அஞ்சல் எண் மூன்று ஒன்று ஏழு ஐந்து.
சத்தியசீலனுக்கு நிரந்தர விசா கொடு.

படம் கேட்டது தளம்,
சிரிக்கிற படமென்றால் நல்லதாம்.
ஒன்றுதான் இருந்தது:
தொழிற்சாலையின் நீலத் தொப்பியோடு
கிறிஸ்மஸுக்குச் சும்மா கொடுத்த கோழியைத்
தூக்கிப் பிடித்தபடி சீலன்.
பதின்மூன்று வருடத்தை
ஆறாறு மாதமாக வெட்டித் தந்திருக்கிறது இந்த நாடு,
அவன் தொடையும் நெஞ்சும் பிரிக்கிற மாதிரி.

இரண்டாவது கையெழுத்துக்கு அவனே வந்தான்.
தனக்குத் தானே போடலாமோ என்று கேட்டான்.
போடு என்றேன்.
நீ ரோபோ இல்லையென்று நிரூபி என்றது திரை.
படகு உள்ள கட்டங்களை எல்லாம் தெரிவுசெய்.

ஒன்பது கட்டம்.
சீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
பாய்மரம் தெரிந்த மூன்றைத் தொட்டான்.
நாலாவதில் வெறும் தண்ணி,
மூலையில் பலகைத் துண்டு போல் ஏதோ.
"இதுவும் படகோ, அக்கா?"
எனக்குத் தெரியவில்லை.
அவன் நெடுநேரம் பார்த்தான்.
தொட்டான்.
தவறு. மீண்டும் முயலவும்.

பிறகு ஓடியது, நிற்காமல் ஓடியது.
பெர்த்திலிருந்து ஒருத்தி வெட்கக்கேடு என்றாள்.
பல்லாரட்டில் யாரோ மூன்று அழுகை முகம்.
நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறு.
(அதே கிழமை
வாகனத் தரிப்பிடத்துக்காக வெட்டவிருந்த யூகலிப்டஸுக்கு
எண்பதாயிரம். அதற்கும் போட்டிருக்கிறேன்.
மரம் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். நல்ல மரம்.)

தேர்தல் வந்தது, வேட்பாளர் வந்தார்.
ணகரம் பிசகாமல் வணக்கம் சொன்னார்,
வடையை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டார்,
சீலனின் தோளில் கைவைத்து
முதல் நூறு நாளுக்குள் என்றார்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கதவு தட்டினேன் அவருக்காக.
ஒரு நாய் என் சட்டையின் கரையைக் கிழித்தது.
வென்ற இரவு அழுதேன், சந்தோஷத்தில்.

நூறு நாள். முந்நூறு நாள்.
ஆதிக்குடிகளை வணங்கித் தொடங்கிய கடிதம் ஒன்று,
என் ஆர்வத்துக்கு நன்றி என்று முடிந்தது.
இடையில் ஒன்றுமில்லை.
கீழே ஒரு பொத்தான்: ஐந்து டொலர் தாருங்கள்.

முற்போக்கு என்கிறார்கள்.
முன்னால் நின்று போக்குக் காட்டுவதென்று
இப்போதுதான் பதம் பிரிக்கிறேன்.
மற்றக் கட்சிக்காரன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவான்.
இவர்கள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு
வாசலை நகர்த்துகிறார்கள்.

சரி, நான் மட்டும்?
திமிங்கிலம், பிளாஸ்டிக் குழாய், பெயர் வாய்க்குள் நுழையாத தீவு,
படுத்த படுக்கையில் பெருவிரலால் காத்தேன் எல்லாவற்றையும்.
விசா புதுப்பிக்கப் பிந்திய ஆறு கிழமை
மெடிகேர் அட்டை செல்லாமல்
கத்தி பட்ட உள்ளங்கையைப் பழந்துணியால் சுற்றிக்கொண்டு
சீலன் வேலைக்குப் போனதைக்
கையெழுத்திட்ட நாற்பத்தோராயிரம் பேரும் அறியார்.
நானும் அறியேன்.
பக்கத்து வீட்டு வியட்நாம்காரர்தான்
மருந்து கட்டியிருக்கிறார்.
மனுவைப் பகிருங்கள் என்று
அந்த நாட்களில் அவனுக்கே மூன்று முறை அனுப்பியிருக்கிறேன்.

நேற்று வந்தான். உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு கோடு.
தொழிற்சாலையில் ஒரு ஈரான்காரிக்கு
மகனைக் கூப்பிட முடியவில்லையாம்,
அவளுக்கொன்று தொடங்க வேணுமாம்.
இதெல்லாம் வேலைக்காகாது, சீலன்.
"தெரியும்," என்றான். "அவளிட்டச் சொல்லிப்போட்டன்."

தொடங்கினேன்.
முதல் கையெழுத்து அவன்.
இந்த முறை திரையில் தெருவிளக்கு, சந்தி,
சிவப்பும் பச்சையும்.
"இது சுகம்," என்று
கதிரையை இழுத்துப் போட்டான்.